சீட்டிலே சுத்தம்! காற்றிலே நஞ்சு!

(மோட்டார்ப் புகைப் பரிசோதனை விதிகளைத் திருத்த வேண்டியது பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம், மோட்டார் வண்டிகளின் புகையைப் பரிசோதித்துச் சர்டிபிகேட் கொடுக்கும் விதிகளை எதற்காகத் திருத்த வேண்டும், எப்படித் திருத்த வேண்டும் என்பதாகும். "இது என்ன பிரமாதமான விஷயம்? இதற்கு ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றக் கூடும். மனிதன் சோறில்லாமல் சில வாரம் உயிரோடிருக்கலாம். தண்ணீரில்லாமல் சில நாள் இருக்கலாம். காற்றில்லாமல் சில நிமிஷத்திற்கு மேல் இருக்க முடியாது. அப்படிப்பட்ட காற்றை விஷமாக்குவது எது, அதைத் தடுக்கிறோம் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்கள் உண்மையில் தடுக்கிறார்களா, அல்லது தடுப்பது போலப் பாசாங்கு செய்கிறார்களா என்று பார்ப்பது, சோற்றுக்கு அடுத்த விஷயமல்ல. சோற்றுக்கும் முந்தின விஷயமாகும்.

நான் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. சட்டப் புத்தகத்தையும் சர்க்கார் அறிக்கைகளையும் வைத்துக் கொண்டு, புரியாத இடங்களில் லாரி டிரைவர்களையும் பட்டறை வேலைக்காரர்களையும் கேட்டுத் தெரிந்து கொண்டு, என் புத்திக்குச் சரியென்று பட்டதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

புகையில் இருப்பது என்ன?

மோட்டார் வண்டி ஓட வேண்டுமானால் பெட்ரோலோ டீசலோ என்ஜினுக்குள் எரிய வேண்டும். அது அரைகுறையாய் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. எரியாமல் மிஞ்சிய எண்ணெயின் ஆவி ஹைட்ரோகார்பன் என்ற பெயரோடு வெளியே வருகிறது. என்ஜினுக்குள் இருக்கும் கடுஞ்சூட்டில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இவை போதாதென்று, முக்கியமாய் டீசல் என்ஜினிலிருந்து, கரித்தூள் வருகிறது. இந்த நான்கையும் தயவு செய்து மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போவதெல்லாம் இந்த நான்கைப் பற்றியதேயாகும்.

இவற்றில் கண்ணுக்குத் தெரிகிற கறுப்புப் புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடியே பொல்லாதது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவுமான பொடி எவ்வளவு சிறியதென்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். அது மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரையில் போகிறது. அதிலும் மிக நுண்ணியது ரத்தத்திலேயே கலக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று 1988-இல் சொல்லிற்று. 2012-இல், "கூடும்" என்ற பேச்சை விட்டுவிட்டு, உண்டாக்குகிறது என்றே முடிவு கட்டிவிட்டது. வெளிக்காற்றின் கேட்டினால் 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 42 லட்சம் பேர் அகாலமாய் மாண்டிருப்பார்கள் என்பது அதே ஸ்தாபனத்தின் கணக்கு.

இத்தனை சாவும் மோட்டார்ப் புகையால் வந்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆலைப் புகை உண்டு. அனல் மின்சார நிலையப் புகை உண்டு. அடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகை, ரோட்டுப் புழுதி எல்லாம் உண்டு. ஆனால் ஆலையின் புகைக்குழாய் ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. மோட்டாரின் புகைக்குழாயோ நம்முடைய குழந்தையின் மூக்குக்கு நேராய் இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிக் கொண்டு குளிர்சாதன மோட்டாரில் போகிறவரை நான் கேட்கவில்லை. நாற்சந்தியில் எட்டு மணி நேரம் நிற்கிற போலீஸ்காரனையும், ஆட்டோ ஓட்டுகிறவனையும், பிளாட்பாரத்தில் பூ விற்கிற அம்மாளையும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையையும் கேட்கிறேன். இந்தப் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது?

சர்க்கார் எழுதிக் கொடுத்த வாக்கு

"காற்று இவ்வளவு சுத்தமாயிருக்க வேண்டும்" என்று நம் சர்க்காரே 2009-ம் வருஷத்தில் ஓர் அளவு வகுத்து வெளியிட்டிருக்கிறது. அதன்படி ஒரு கனமீட்டர் காற்றில் இரண்டரை மைக்ரான் பொடி, வருஷச் சராசரியில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நாள் சராசரியில் 60-க்கு மேல் போகக் கூடாது. நைட்ரஜன் டையாக்சைடு வருஷச் சராசரியில் 40-க்கும், ஒரு நாளில் 80-க்கும் மேல் போகக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் சொன்ன யோசனைப்படி அந்தப் பொடி வருஷத்திற்கு 5 மைக்ரோகிராமோடு நிற்க வேண்டும். அதாவது அந்த ஸ்தாபனம் சொல்லுவதைப் போல் எட்டு மடங்கு தாராளமான அளவை நம்மவர்கள் வைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாராளமான அளவிலாவது நிற்கிறோமா என்றால் அதுவுமில்லை. டில்லி நகரத்தின் வருஷச் சராசரி இந்த 40-ஐப் போல் இரண்டு மடங்கையும் தாண்டிப் பல வருஷங்களாய் இருந்து வருகிறது. 2019-இல் தேசிய சுத்தக் காற்றுத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். காற்றைச் சீர்ப்படுத்த வேண்டுமென்று அதில் சேர்க்கப்பட்ட நகரங்களின் ஜாபிதாவில் நம்முடைய சென்னையும் மதுரையும் திருச்சியும் தூத்துக்குடியும் இருக்கின்றன. ஆகவே இது டில்லிக்காரன் தலைவலி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

நிற்க, இந்த அளவு என்பது என்ன? அது சர்க்கார் ஜனங்களுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. வாக்கைக் காப்பாற்றுவதற்கு அவர்கள் கையிலிருக்கும் ஆயுதங்களில் ஒன்றுதான் மோட்டார்ப் புகைப் பரிசோதனை. ஆயுதம் கூராயிருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்போம்.

அளக்க வேண்டியது ஒன்று, அளப்பது ஒன்று

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும், 1989-ம் வருஷத்து மத்திய விதிகளில் 115-வது விதியின் கீழும், ஒவ்வொரு வண்டிக்காரனும் பொல்யூஷன் சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும். புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் வேண்டியதில்லை. பிறகு பழைய ரக வண்டிகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை. பாரத் ஸ்டேஜ் நான்கும் அதற்குப் பிற்பட்டதுமான வண்டிகளுக்கு வருஷத்திற்கு ஒரு முறை. சீட்டில்லாமல் பிடிபட்டால், 2019-இல் திருத்திய சட்டப்படி, 10,000 ரூபாய் வரையில் அபராதம் போடலாம். மூன்று மாதம் வரை ஜெயிலிலும் போடலாம். தண்டனை பலமாய்த்தான் இருக்கிறது. பரிசோதனை எப்படியிருக்கிறது?

பெட்ரோல் வண்டியானால், அது நின்ற இடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயில் ஒரு கம்பியைச் செருகிக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். டீசல் வண்டியானால், நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை அமுக்கி அமுக்கி விட்டு, வருகிற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறதென்று பார்க்கிறார்கள். பரீட்சை அவ்வளவுதான். நான் முன்பு நான்கு சரக்குகளைச் சொன்னேனே, அவற்றில் நைட்ரஜன் ஆக்சைடு எங்கே? அதை அளப்பதே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பொடி எங்கே? அதை எண்ணுவதுமில்லை, நிறுப்பதுமில்லை. காற்றுக்கு வகுத்த அளவிலே பொடியும் நைட்ரஜன் டையாக்சைடும் முன்வரிசையில் நிற்கின்றன. வண்டிக்கு வகுத்த பரீட்சையிலே அவை இரண்டும் ஆளையே காணோம்! காய்ச்சல் என்று வந்தவனுக்கு உயரத்தை அளந்து பார்த்து, "ஐந்தரை அடி சரியாயிருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை, போய் வா" என்று ஒரு வைத்தியன் சொன்னால் அவனை என்னவென்று சொல்லுவோம்?

உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விதியில் ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். டீசல் புகையின் மறைப்பு அளவு பழைய வண்டிகளுக்கு 2.45 என்றிருந்தது, பாரத் ஸ்டேஜ் நான்கிற்கு 1.62 ஆயிற்று, 2020 ஏப்ரல் முதல் வந்த ஆறாம் ஸ்டேஜ் வண்டிகளுக்கு 0.7 ஆயிற்று. இது நல்லதுதான். ஆனால் ஆறாம் ஸ்டேஜ் டீசல் வண்டியிலே பொடியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது ஒழுங்காயிருந்தால் புகை மீட்டரில் முள் அசைவதே அரிது. அந்த வடிகட்டி வெடித்துப் போனாலும், அடைப்பெடுக்கக் காசு செலவாகிறதென்று ஒருவன் அதைக் கழற்றி எறிந்துவிட்டாலும், மீட்டர் 0.7-க்குள் காட்டிவிடக் கூடும். வண்டி பாஸாகிவிடக் கூடும். வெளியே வருகிற பொடியோ பல மடங்கு பெருகிவிடும். மூட்டை நிறுக்கிற தராசிலே தங்கத்தை நிறுத்தால் குண்டுமணி குறைந்தது தெரியுமா?

ஐரோப்பாக்காரர்கள் இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்துவிட்டுச் சும்மாயிருக்கவில்லை, தராசையே மாற்றினார்கள். 2022 ஜூலையில் பெல்ஜியமும், 2023 ஜனவரியில் நெதர்லாந்தும், அதே வருஷம் ஜூலையில் ஜெர்மனியும், பொடியை ஒவ்வொன்றாய் எண்ணுகிற கருவியைப் பரிசோதனைச் சாலைகளுக்குக் கொண்டு வந்தன. ஜெர்மனியில் புது ரக டீசல் வண்டியின் புகையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,50,000 பொடிக்கு மேல் இருந்தால் வண்டி பெயில். வடிகட்டியைக் கழற்றியவன் அந்தக் கருவிக்கு முன் தப்பவே முடியாது. வண்டி மாறினால் பரீட்சையும் மாற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பரீட்சை செய்கிறவன் யார்?

சரி, இருக்கிற பரீட்சையாவது யோக்கியமாய் நடக்கிறதா என்று பாருங்கள். டில்லியில் நடந்ததை நான் சொல்லவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொல்லுகிறார். 2025 ஏப்ரலில் டில்லிச் சட்டசபையில் வைக்கப்பட்ட அவருடைய அறிக்கை, 2015 ஆகஸ்டு முதல் 2020 ஆகஸ்டு வரையில் கொடுக்கப்பட்ட சீட்டுகளைத் துருவிப் பார்த்திருக்கிறது. அளவுக்கு மேல் விஷவாயு விட்டதென்று மீட்டரே காட்டியும், 1 லட்சத்து 8 ஆயிரத்திற்கு மேற்பட்ட பெட்ரோல், கேஸ் வண்டிகள் பாஸ் செய்யப்பட்டிருக்கின்றன. ஒரே நிலையத்தில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாய் 7,600-க்கு மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. சோதனை செய்து சீட்டும் கொடுத்தது எல்லாம் ஒரே நிமிஷத்தில் முடிந்ததாய் 76,000-க்கு மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. தோழர்களே! ஒரு நிமிஷத்தில் ஒரு தம்ளர் டீயாவது ஆற்றிக் குடிக்க முடியுமா? கம்பியைச் செருகி, என்ஜினை முடுக்கி, அளந்து, எழுதி, சீட்டையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்களாம்!

இதற்குக் காரணம் அந்த நிலையக்காரன் பிறவியிலேயே அயோக்கியன் என்பதல்ல. அவனுக்கு வரும்படி வண்டிக்காரன் கொடுக்கிற சிறு கட்டணம். கண்டிப்பாய்ப் பார்த்துப் பத்து வண்டியைப் பெயிலாக்கினால், பதினோராவது வண்டிக்காரன் பக்கத்து நிலையத்துக்குப் போய்விடுவான். ஆகவே கண்டிப்பானவன் கடையைச் சாத்த வேண்டியது, கண்ணை மூடிக் கொள்ளுகிறவன் கல்லாவை நிரப்ப வேண்டியது என்கிற மாதிரியாய் விதியே அமைந்திருக்கிறது. மனிதனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

மாற்றியதெல்லாம் என்ன? 2017 ஆகஸ்டில், பொல்யூஷன் சர்டிபிகேட் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதனால் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போகிறதென்று எடுத்துக்காட்டப்பட்டு, 2024 ஜூலையில் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. 2021 ஜூனில் தேசம் முழுவதற்கும் ஒரே மாதிரியான சீட்டு, அதில் செல்போனால் படிக்கிற கட்டம், தவறிய வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு என்று விதி செய்தார்கள். நிராகரிப்புச் சீட்டு நல்ல ஏற்பாடே, நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் சீர்திருத்தம் செய்யப்பட்டது காகிதத்திற்கு, பரீட்சைக்கு அல்ல. வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டால் விபத்து வராது என்று நம்புகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். வண்டிக்குள்ளே ஒரு சீட்டை வைத்திருந்தால் புகை வராது என்று நம்புகிற சர்க்காரைப் பார்த்து என்ன செய்வது?

வேஷம் போட்ட மோட்டார்

நின்ற இடத்தில் செய்கிற பரீட்சையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர், டீசல் மோட்டார்களின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டிக் கொண்டு ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். சோதனைச் சாலையில் சுத்தமாயிருந்த வண்டி ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. தோண்டித் துருவி விசாரித்ததில், 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. தான் பரீட்சையில் இருக்கிறோமா, ரோட்டில் இருக்கிறோமா என்று வண்டியே கண்டுபிடித்துக் கொண்டு, பரீட்சையில் மட்டும் ஒழுங்காய் நடக்கிற கம்ப்யூட்டர் சூழ்ச்சியை அவர்கள் வைத்திருந்தார்கள். ரோட்டில் வந்த விஷம் அனுமதித்த அளவைப் போல் நாற்பது மடங்கு வரையில் இருந்தது. உலகத்தில் அப்படிப்பட்ட வண்டி சுமார் 1 கோடியே 10 லட்சம். ஊருக்கு முன்னால் பக்தி வேஷம், உள்ளுக்குள்ளே வேறு வேஷம் என்பது மனிதனிடத்தில்தான் உண்டென்று நினைத்திருந்தோம். மோட்டாருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்!

அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் 2017 முதலும், நம் தேசத்தில் 2023 ஏப்ரல் முதலும், புது மாடல்களை ரோட்டில் ஓட்டியே அளக்க வேண்டுமென்ற விதி வந்தது. கம்பெனிக்கு இப்படி ரோட்டுப் பரீட்சை வந்துவிட்டது. ஆனால் வண்டி விற்கப்பட்டு ரோட்டுக்கு வந்த பிறகு, பத்துப் பதினைந்து வருஷம் ஓடுகிற காலத்தில் அதற்கு நடக்கிற பரீட்சை மட்டும் பழைய நின்ற இடத்துப் பரீட்சையாகவே இருக்கிறது.

காற்றுத் தவறினால் விதி மாற வேண்டும்

இனி முக்கியமான இடத்திற்கு வருகிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நகரத்தில் 1943 ஜூலையில் ஒரு நாள் கண்ணெரியும் புகைமூட்டம் கவிந்தது. யுத்த காலமாகையால், ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று கூடச் சிலர் பயந்தார்கள். அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்து கொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன ஆசிரியர், மோட்டார்ப் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வருகிற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய வெளிச்சத்தில் கூடித்தான் இந்த விஷம் உண்டாகிறதென்று 1950-களின் ஆரம்பத்தில் காட்டினார். சத்துரு கடல் கடந்து வரவில்லை. அவரவர் வீட்டுக் கொட்டகையிலேயே நின்று கொண்டிருந்தான்!

1970-இல் அங்கே சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 1990-இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. காற்று அளவுக்குள் வராத ஊர்களைக் கெடுதியின் தரத்தைப் பார்த்துப் படிப்படியாய்ப் பிரித்தார்கள். நடுத்தரக் கெடுதியானால் சாதாரணப் புகைப் பரிசோதனை கட்டாயம். அதற்கு மேற்பட்ட கெடுதியானால் கடுமையான பரிசோதனை கட்டாயம். அதாவது உருளையின் மேல் வண்டியை ஓடவிட்டு நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து அளக்கிற பரிசோதனை. குறித்த தேதிக்குள் காற்றுச் சீர்ப்படாவிட்டால் அந்த ஊர் அடுத்த படிக்குத் தள்ளப்படும்; விதி தானே இறுகும். மாகாண சர்க்கார் சரியான திட்டம் கொடுக்காவிட்டால், ரோடு போடுவதற்கு மத்திய சர்க்கார் கொடுக்கிற பணத்தை நிறுத்தலாம். பார்த்தீர்களா? அங்கே காற்றுக்கும் பரிசோதனை விதிக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. காற்றுத் தவறினால் கயிறு இழுக்கும். விதி எழுந்திருக்க வேண்டும்.

அமெரிக்காக்காரன் தேவலோகத்தில் இருக்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள். கடுமையான பரிசோதனை வந்தபோது பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் கூச்சலிட்டு, 1995-இல் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தவும் செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னும் ஓசோன் அளவை எட்டவில்லை. ஆனால் வண்டிகள் பல மடங்கு பெருகியும், அறுபது எழுபது வருஷத்திற்கு முன் இருந்த கண்ணெரியும் புகைமூட்டம் இன்று அங்கே இல்லை. கலிபோர்னியாவில் 2013 முதல் நிலையக்காரனுக்கே பரீட்சை வைக்கிறார்கள். அவன் பாஸ் செய்த வண்டிகள் அடுத்த தடவை வேறு இடத்தில் எப்படித் தேறுகின்றன என்று கணக்கெடுத்து, ஒழுங்கானவனுக்கே அதிகம் புகை விடக்கூடிய வண்டிகளைச் சோதிக்கும் உரிமையைக் கொடுக்கிறார்கள். கண்டிப்பானவனுக்கு வேலை கிடைக்கும்படி ஏற்பாட்டைத் திருப்பிவிட்டார்கள்.

நம் தேசத்தில் அந்தக் கயிறு இல்லை. காற்றை அளக்கிறவர்கள் ஓர் இலாகா; வண்டிக்குச் சீட்டுக் கொடுக்க லைசென்ஸ் தருகிறவர்கள் வேறு இலாகா. ஒருவர் "காற்றுக் கெட்டுவிட்டது" என்று வருஷா வருஷம் அறிக்கை எழுதுகிறார். மற்றவர் "வண்டிகள் எல்லாம் பாஸ்" என்று வருஷா வருஷம் சீட்டு எழுதுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "எல்லா வண்டியும் சுத்தமானால் காற்று ஏன் கெட்டது?" என்று கேட்டுக் கொள்ளச் சட்டத்தில் கட்டாயமில்லை.

சில ஆட்சேபணைகள்

"ஏழையின் பழைய வண்டியைப் பிடுங்கச் சொல்லுகிறாயா?" என்று கேட்கலாம். நான் சொல்லுவது அதற்கு நேர் எதிரிடையானது. இன்று டில்லியில் என்ன செய்தார்கள்? டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் என்று வயதைப் பார்த்து ஒதுக்கினார்கள். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அவற்றிற்கு எண்ணெய் ஊற்றக் கூடாது என்று கிளம்பி, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். பிறந்த வருஷத்தைப் பார்த்து வண்டியை ஒதுக்குவது, பிறந்த வீட்டைப் பார்த்து மனிதனை ஒதுக்குவது போன்றதேயாகும். நடத்தையைப் பாருங்கள் என்கிறேன். ஒழுங்காய் வைத்திருக்கும் பழைய வண்டி பிழைக்கட்டும். ஒழுங்கில்லாத புது வண்டி பட்டறைக்குப் போகட்டும். நடத்தையைப் பார்க்க நல்ல பரீட்சை வேண்டும். பரீட்சை பொய்யாயிருப்பதால்தான் வயதைப் பார்க்க வேண்டி வருகிறது. கலிபோர்னியாவில் பெயிலான வண்டியைப் பழுது பார்க்க, வருமானம் குறைந்தவர்களுக்குச் சர்க்காரே பணம் உதவுகிறது. இங்கேயும் வாங்குகிற அபராதத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினால் என்ன மோசம்?

"எல்லா வண்டியையும் இப்படிக் கடுமையாய்ச் சோதிப்பது ஆகிற காரியமா?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. டென்வர் சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனால்டு ஸ்டெட்மேன் என்பவர் 1980-களின் பிற்பகுதியிலேயே, ரோட்டின் குறுக்கே ஓர் ஒளிக்கதிரை விட்டு, ஓடுகிற வண்டியின் புகையை நிறுத்தாமலே அளக்கிற கருவியை உண்டாக்கினார். அதைக் கொண்டு பார்த்ததில், விஷத்தில் பெரும்பகுதியைச் சிறு பகுதி வண்டிகளே விடுகின்றன என்பது தெரிந்தது. அந்தச் சிறு பகுதியைப் பிடித்தால் போதும். ஒழுங்கானவனை அலைக்கழிக்க வேண்டாம்.

"சர்க்கார் பஸ்ஸும் முனிசிபாலிட்டி லாரியும் விடுகிற புகையைக் கேட்பாரில்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நீதி உதவாது. முதலில் சர்க்கார் வண்டிகளைச் சோதித்து, நம்பர் நம்பராய் முடிவை டிப்போ வாசலில் எழுதிப் போடட்டும். பிறகு என்னுடைய மோட்டார் சைக்கிளைப் பிடிக்கட்டும்.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே தோழர்களே! நாம் கேட்க வேண்டியது இவைதான். காற்று அளவுக்குள் வராத ஊரில், குறித்த காலத்திற்குள் பரிசோதனை விதியை இறுக்கியே தீர வேண்டுமென்று சட்டத்திலேயே எழுத வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்பொடியையும் பரீட்சையில் சேர்க்க வேண்டும்; வடிகட்டியுள்ள டீசல் வண்டிக்குப் பொடி எண்ணும் கருவி வேண்டும். புது வண்டிகளுக்குள்ளேயே பழுதைக் குறித்து வைக்கிற கம்ப்யூட்டர் இருக்கிறது. சீட்டுக் கொடுக்குமுன் அதைப் படித்தே ஆக வேண்டும். ரோட்டோரக் கருவியைக் கொண்டு, பாஸான வண்டிகளைத் திடீரென்று சோதித்து, பொய்ச் சீட்டுக் கொடுத்த நிலையத்தின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பாஸ், எத்தனை பெயில் என்பதை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

சர்க்கார் செய்கிறவரையில் நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை சீட்டு வாங்கப் போகும்போது, "கம்பியைக் குழாயில் நன்றாய்ச் செருகு, என்ஜினை முடுக்கு, என் கண்ணுக்கு முன்னால் அளந்து காட்டு" என்று கேளுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, அனுமதித்த அளவு என்ன, உங்கள் வண்டியின் அளவு என்ன என்று ஒத்துப் பாருங்கள். பெயிலானால் வெட்கப்பட வேண்டாம். காசைக் கொடுத்து வாங்கின பொய்யான பாஸுக்குத்தான் வெட்கப்பட வேண்டும். ஏனென்றால் அந்தப் பொய்ச் சீட்டினால் நீங்கள் ஏமாற்றுவது போலீஸ்காரனை அல்ல. உங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிற குழந்தையின் நுரையீரலை. நுரையீரலுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது. உள்ளே வருவது எதுவோ அதை அப்படியே வாங்கிக் கொள்ளும்.

எதையும் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பாதே, அளந்து பார்த்து நம்பு என்று நாம் ஊர் ஊராய்ச் சொல்லி வருகிறோம். அது புராணத்திற்கு மட்டும் சொன்னதல்ல; பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்கும் சேர்த்தே சொன்னதாகும்.